நடுக்கோட்டைத் தாண்டிய கை

பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு மாமனாரோடு ஒரே நீச்சல்குளத்தில், அதுவும் ஒரே தடத்தில், தினமும் நீந்துகிற யோகம் உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாது. தனக்கு வாய்த்திருக்கிறது என்பதை மட்டும் காலை ஆறரை மணிவாக்கில் குதிகாலில் விழும் ஒரு தட்டு அவருக்குத் தவறாமல் தெரிவித்துவந்தது.

தட்டுகிறவர் சம்பந்தி. அதில் தப்பு சொல்ல முடியாது. குளத்து விதியே அதுதான். ஒரு தடத்தில் மூன்று பேர். ஒரு பக்கக் கயிற்றை ஒட்டிப் போய் மறுபக்கக் கயிற்றை ஒட்டித் திரும்ப வேண்டும். பின்னால் வருகிறவர் வேகக்காரராக இருந்தால் முன்னால் போகிறவரின் குதிகாலை ஒரு தட்டு தட்டுவார். தட்டு வாங்கியவர் சுவரை எட்டியதும் மூலையில் ஒதுங்கி வழிவிட வேண்டும். சம்பந்திதான் தடத்தின் தலைவர், அதாவது முதலில் கிளம்புகிறவர். முதலில் கிளம்பிய மனிதர் பின்னாலிருந்து எப்படித் தட்டுவார் என்று யாரும் கேட்கலாம். ஒரு முழுச் சுற்று கூடுதலாக நீந்தி முடித்துவிட்டு வந்து தட்டுவார். சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரு நீளம் என்றால், நாற்பது நீளத்துக்குள் மூன்று தடவை.

தட்டிவிட்டுச் சும்மா போனாலும் பரவாயில்லை. சுவரருகில் ஒரு கணம் தலையைத் தூக்கி, "மன்னிக்கணும் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் போவார். தட்டைவிட அந்த மன்னிப்புதான் கடைக்காரருக்கு அதிகம் வலித்தது.

வீட்டில் புலம்பிப் பார்த்தார். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.

"பொண்ணு வீட்டுக்காரர் காலை மாப்பிள்ளையோட அப்பா தினமும் மூணு வேளை தொடுறாரு. வேற யாருக்குங்க கிடைக்கும் இந்த மரியாதை?"

"விளையாடாதே. நான் என்ன சாதாரணமா நீந்தறேனா?"

"அது எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கிட்டு வர்றீங்க, அது தெரியும்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளத்தில் நேரச் சோதனை வைப்பார்கள். நானூறு மீட்டர், பதினாறு நீளம். குறைந்த நேரத்தில் முடிக்கிறவர் அடுத்த மூன்று மாதத்துக்குத் தடத்தின் தலைவர். தலைவருடைய காலை யாரும் தட்டுவதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மனிதனுக்கு வேறு என்னென்னவோ ஆசைகள் இருக்கலாம். கடைக்காரருக்கு இருந்தது இந்த ஒன்றுதான். போன சோதனையில் சம்பந்தியைவிட அவருக்கு ஒன்றரை நிமிடம் அதிகமாகியிருந்தது. அடுத்த சோதனைக்கு ஒரு மாதம் இருந்தது.

அப்போதுதான் நிபுணர் வந்து சேர்ந்தார்.

அவருடைய அட்டையில் 'நீர் இயக்கவியல் ஆலோசகர்' என்று அச்சடித்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் வரை இதே மனிதர் வீடு வீடாக ட்ரெட்மில் விற்றுக்கொண்டிருந்தார் என்று டீச்சரம்மா சொன்னார். டீச்சரம்மா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. அந்தத் தடத்தின் மூன்றாவது ஆள். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தபடி, முடி நனையாமல், தவளை நீச்சலில் போவார். யாரையும் தட்டமாட்டார். தட்டு வாங்கினாலும் ஒதுங்கமாட்டார்.

நிபுணர் ஒரு நீளமான கழியின் நுனியில், தண்ணீர் புகாத உறைக்குள், தன் கைப்பேசியைக் கட்டிக் குளத்துக்குள் இறக்கினார். எல்லோரும் எதிரே நீந்தி வந்தார்கள். நான்கு நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் சுருள்கம்பி போட்ட பதினான்கு பக்க அறிக்கை வந்தது. மிதவைப் பலகைகள் அடுக்கிவைத்திருந்த சின்ன அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார்.

திரையில் கடைக்காரர் உறைந்து நின்றார். தோளிலிருந்து விரல்நுனி வரை சிவப்புக் கோடு.

"இது என்னன்னு தெரியுதா சார்?"

"என் கை."

"கை இல்ல சார். நெம்புகோல்."

கடைக்காரர் தன் கையைத் திரும்பப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருடம் அதில் மோதிரம் போட்டிருக்கிறோமே என்று இருந்தது.

"உங்க தலைக்கு நேர் முன்னாடி ஒரு கோடு போகுதுன்னு வச்சுக்குங்க. இடது கை கோட்டுக்கு இடது பக்கம் நுழையணும், வலது கை வலது பக்கம். உங்க இடது கை நுழையும்போதே நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகுது. கை அங்க போனா இடுப்பு இங்க வருது. நீங்க நீந்தல சார், நெளியறீங்க. பதினோரு டிகிரி."

"பதினோரு டிகிரியா?"

"சரியாச் சொன்னா பதினொன்னு புள்ளி நாலு."

கடைக்காரருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அந்தப் புள்ளி நாலில் கரைந்துபோயிற்று. புள்ளி நாலு வரைக்கும் தெரிந்த மனிதருக்குப் பதினொன்று தெரியாமலா இருக்கும்?

வெளியே வந்தால் சம்பந்தி தன் அறிக்கையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர். கோடும் கோணமும் போட்ட காகிதம் எதைக் கண்டாலும் எழுந்து நிற்கிற மனிதர்.

"எனக்கும் இடது கைதான் சம்பந்தி. ஆனா ஏழு டிகிரிதான். பரவாயில்லைன்னுட்டார்." குரலில் அடக்கம் இருந்தது. பதினொன்றைத் தெரிந்துகொண்டவருடைய அடக்கம்.

மூன்று வாரம் இரண்டு பேரும் இடது கையைத் திருத்தினார்கள். கடைக்காரர் மதிய வேளையில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் குப்புறப் படுத்து, இடது கையை ஒரு சாண் வெளியே தள்ளித் தள்ளிக் காற்றில் நீந்தினார். ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்த ஒரு பெண்மணி, "கண்ணுக்குத்தானே பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

தண்ணீரில் முடிவு விநோதமாக இருந்தது. இடது கையை எவ்வளவுக்கு எவ்வளவு ஒழுங்காக வைத்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு உடம்பு கோணிக்கொண்டு போனது. தோள் கயிற்றில் உரசிச் சிவந்தது. சம்பந்தியின் தோளும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒன்றாக மெதுவானதால் தட்டு மட்டும் அதே மூன்றாகவே இருந்தது. நிபுணரிடம் முறையிட்டார்கள்.

"இது இடைக்கால நிலை" என்றார் நிபுணர். "உடம்பு பழசை மறந்துட்டு இருக்கு."

"புதுசை எப்ப சார் கத்துக்கும்?"

"மறந்து முடிச்ச பிறகு."

செவ்வாய்க்கிழமை மதியம், சோதனைக்கு ஐந்து நாள் இருக்கையில், கடைக்காரர் கடையில் உட்கார்ந்து அந்த வீடியோவை நாற்பதாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, தொப்பியில எழுத்தெல்லாம் பக்கம் மாறி இருக்கு?"

எதிரே நீந்தி வருகிறவரின் உச்சந்தலைதான் கேமராவுக்குத் தெரியும். அங்கே ரப்பர்த் தொப்பியில் குளத்தின் பெயர் பெரிதாக இருந்தது.

"எங்க மாறி இருக்கு? நல்லா படிக்க முடியுதே."

"உங்களுக்குப் படிக்க முடியும். எனக்கு முடியலையே."

கடைக்காரர் திரையைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவருடைய கடை சின்னது. கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைத் தேவையான தூரத்தில் மாட்ட இடம் கிடையாது. அதனால் எழுத்துகளை இடவலம் மாற்றி அச்சடித்த பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிரே ஒரு கண்ணாடி வைத்திருந்தார். நாற்காலியில் உட்காருகிறவர் கண்ணாடியில் பார்ப்பார், அவருக்கு எழுத்து நேராகத் தெரியும். கடைக்காரர் பலகையையே நேரே பார்த்து, அவர் படிப்பது சரியா என்று சரிபார்ப்பார். முப்பது வருடம். திரும்பிய எழுத்து எது, திரும்பாத எழுத்து எது என்று அவருடைய கண்கள் கவலைப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்டன. கோட்டையும் கோணத்தையுமே பார்க்கிற நிபுணரையும் சம்பந்தியையும் விட்டுவிட்டால், ஊரில் வேறு எவன் பார்த்திருந்தாலும் முதல் பார்வையில் பிடித்திருக்கக்கூடிய தப்பை அவர் முப்பத்தொன்பது தடவை சரளமாகப் படித்துவிட்டுப் போயிருந்தார்.

"அந்தாளு தன் மூஞ்சியைப் படம் பிடிக்கற பக்கத்தை வச்சு எடுத்திருக்கான்" என்றார் மனைவி. "கண்ணாடில பார்க்கற மாதிரி விழுந்திருக்கு. அப்ப இடதுன்னா வலதுதானே?"

கடைக்காரர் தன் வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். குற்றவாளி இது. மூன்று வாரமாகத் தண்டனை அனுபவித்தது மற்றது.

"சம்பந்திக்கும் இதே கதைதானே? உடனே ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க."

"சொல்றேன்."

"எப்ப?"

"பார்க்கறப்ப."

புதன்கிழமை பார்த்தார். சொல்லவில்லை. மருத்துவர் சீட்டு மாதிரி, ஒருவருடைய அறிக்கை நிபுணருக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். நடுவில் புகுவது நாகரிகமில்லை என்று தோன்றியது. மேலும், பெண் வீட்டுக்காரன் போய் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடம் 'உங்கள் கை தப்பு' என்று சொல்வது முறையா? நாளைக்கு மகளுக்கு ஒரு பேச்சு வந்தால்? இப்படியாக மகளின் நலனை முன்னிட்டு அவர் வாயை மூடிக்கொண்டு, தன் வலது கையை மட்டும் ஒரு சாண் வெளியே விட்டு நீந்தினார். உடம்பு ரயில் தண்டவாளத்தில் ஏறியது போல நேராகப் போயிற்று. அன்று ஒரே ஒரு தட்டு.

வியாழக்கிழமை சம்பந்தியே சுவரோரம் நிறுத்திக் கேட்டார். வலது தோளில் பிளாஸ்திரி.

"சம்பந்தி, இடது கையை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளினா சரியாகுமோ? நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் என்னத்தைக் கண்டேன்? நிபுணர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்று சம்பந்தி இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு போனார். கயிற்றில் இடித்துக்கொண்டார்.

வெள்ளியும் சனியும் தட்டே இல்லை. வீட்டில் மனைவி, "சம்பந்திகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டபோது, கடைக்காரர் வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு எந்த அர்த்தமும் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. பழைய தலைவர் முதலில், பத்து விநாடி கழித்துக் கடைக்காரர், மேலும் பத்து விநாடி கழித்து டீச்சரம்மா. சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் மேலே வந்ததும் விசில் ஊதினார்கள்.

கடைக்காரர் வாழ்நாளில் அப்படி நீந்தியதில்லை. ஆறாவது நீளத்தில் சம்பந்தியின் பாதங்கள் எதிரே கலங்கலாகத் தெரிந்தன. ஒன்பதாவதில் கைக்கெட்டும் தூரம். வெளுத்த, சுருக்கம் விழுந்த, தண்ணீரில் ஊறிய இரண்டு குதிகால்கள், கோணலாக ஒரு கயிற்றுக்கும் மறு கயிற்றுக்குமாக அலைந்துகொண்டிருந்தன. இரண்டு வருடமாக அவர் கனவில் கண்ட காட்சி இது. கனவில் இவ்வளவு பரிதாபமாக இல்லை.

தட்டினார்.

சம்பந்தி சுவரை எட்டியதும் ஒதுங்கி நின்றார். கடைக்காரர் ஒரு மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினார். தூக்கியிருக்கக் கூடாது.

"போங்க சம்பந்தி, போங்க" என்றார் சம்பந்தி, மூச்சிரைக்க.

வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஐயோ, நீங்க போங்க. நான் பின்னாலேயே வர்றேன்."

"அதெப்படி? தட்டினது நீங்க."

"தெரியாம பட்டுடுச்சு."

"விதின்னா விதிதான். முதல்ல நீங்க."

"பெரியவங்க இருக்கப்ப நான் எப்படி?"

சிவப்பு முள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மார்பளவு தண்ணீரில், கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போல, ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். டீச்சரம்மா நனையாத தலையோடு நடுவில் வந்து சேர்ந்தார்.

"பேசி முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. இப்ப நகருங்க, நான் சுவத்தைத் தொடணும்." தொட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

சம்பந்தி சுவரில் சாய்ந்துகொண்டார். "நிஜமாத்தான் சொல்றேன், நீங்க போங்க சம்பந்தி. எனக்கு வயசாயிடுச்சு. அவர் சொன்னதைத்தான் செய்யறேன். செய்யச் செய்ய மோசமாகுது. இனிமே திருந்தற உடம்பு இல்ல இது. அடுத்த வாரத்திலேருந்து ஒன்னாம் தடத்துக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

ஒன்றாம் தடத்தில் யாரும் நீந்துவதில்லை. மூட்டு வலிக்காரர்கள் மிதவையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடப்பார்கள்.

இன்னும் ஏழு நீளம் பாக்கி. இப்போது கிளம்பினாலும் தலைமை உறுதி. கடைக்காரர் சுவரை உதைக்கக் காலை மடக்கினார். மடக்கிய கால் அப்படியே நின்றது.

"சம்பந்தி, உங்க இடது கையில தப்பே இல்ல."

"என்ன?"

"வலது கைதான் தாண்டுது. அந்த வீடியோ கண்ணாடில பார்க்கற மாதிரி பக்கம் மாறி விழுந்திருக்கு. எனக்கும் அப்படித்தான். வயசெல்லாம் ஒன்னும் ஆகல."

சம்பந்தி நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கண்ணைச் சுற்றி இரண்டு சிவப்பு வளையங்கள்.

"எப்ப தெரியும்?"

இப்போதுதான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். அதற்கான வசதியெல்லாம் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை."

"வியாழக்கிழமை நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நிபுணர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னீங்க."

"சொன்னேன்."

சம்பந்தி தண்ணீருக்கு அடியில் விரல்விட்டு எண்ணினார். "அஞ்சு நாள்" என்றார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மன்னிப்பும் கேட்காமல் வழியும் கேட்காமல், வலது கையை வெளியே வீசிக் கிளம்பினார். கடைக்காரர் பின்னால் போனார். எட்டிப்பிடிக்கும் எண்ணமும் இல்லை, தெம்பும் இல்லை.

தடத்தின் புதிய தலைவர் டீச்சரம்மா என்று அறிவித்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, உலர்ந்த முடியைச் சரிசெய்துகொண்டு, "நான் யாரையும் ஒதுங்கச் சொல்லமாட்டேன், யாருக்கும் ஒதுங்கவும் மாட்டேன்" என்று கொள்கை விளக்கம் அளித்தார்.

நிபுணரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் அசரவில்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டே, "கொள்கை அளவுல அறிக்கை சரிதான். பக்கம் மட்டும்தான் மாறியிருக்கு" என்றார். "அந்தப் பதினொன்னு புள்ளி நாலு இருக்கே, அதுல ஒரு புள்ளி மாறாது."

உடை மாற்றும் அறையில் சம்பந்தி தலையைத் துவட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு ஷூவின் கயிற்றை நிதானமாகக் கட்டினார். அடுத்த ஷூவையும் கட்டினார். கடைக்காரர் ஈரத் துண்டைப் பிழிந்தார், உதறினார், மறுபடி பிழிந்தார். மகள் வீட்டுக்கு அடுத்த தடவை எந்த முகத்தோடு போவது என்பதுதான் மனசில் ஓடியது.

"நாளைக்கு நீங்க தண்ணில இறங்கக் கூடாது" என்றார் சம்பந்தி.

"சம்பந்தி, நான்..."

"அஞ்சு நாள் பார்த்துக்கிட்டே சொல்லாம இருந்தீங்க. இனி அஞ்சு நாள் பார்த்துப் பார்த்துச் சொல்லணும். கரையில நடந்துக்கிட்டே வாங்க. கேமராவும் வேணாம், டிகிரியும் வேணாம். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணு போதும்."

"வீட்டுல..."

"வீட்டுக்கு எதுக்கு இது? தடத்து விவகாரம்."

மறுநாளிலிருந்து கடைக்காரர் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, ரப்பர் செருப்பு சளக் சளக்கென்று சத்தமிட, கரையோரம் நடந்தார். சம்பந்தி ஒரு நீளம் போனால் இவரும் ஒரு நீளம். ஒரு நாளைக்கு நாற்பது. குளத்துக் காவலர் அடிக்கடி விசில் ஊதினார்: "சார், கரையில ஓடக் கூடாது!"

"நான் ஓடல தம்பி, அவர் வேகமாப் போறார்!"

கூட நடந்து பார்ப்பதில் இவ்வளவு தெரியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கை நுழைகிற இடத்தில் குமிழி அதிகம் வந்தால் உள்ளங்கை காற்றையும் சேர்த்து அள்ளுகிறது என்று அர்த்தம். மூச்சுக்குத் தலையைத் தூக்கினால் கால் அமிழ்கிறது. எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாள் பணிவாகச் சொன்னார். மூன்றாம் நாள், "வலது சம்பந்தி, வலது! அது உங்க வலதா?" என்று கத்தினார். மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து அப்படிக் கத்தியதாக வீட்டில் கேள்விப்பட்டால் மனைவி நம்பியிருக்கமாட்டார். தலைவர் பதவியில் இருந்த டீச்சரம்மாவும் பக்கத்தில் வரும்போதெல்லாம், "எனக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்.

"உங்களுக்கு ஒன்னும் இல்ல டீச்சர்."

"அதான் எனக்கே தெரியுமே."

வெள்ளிக்கிழமைக்குள் சம்பந்திக்கு ஒரு நீளத்துக்கு இருபத்தாறு வீச்சு என்பது இருபத்திரண்டாகக் குறைந்திருந்தது. இடுப்பு அசையவில்லை. கயிறு அவர் பக்கம் ஆடக்கூட இல்லை. கடைக்காரர் நடந்துகொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளைக்குத் தானும் தண்ணீரில் இறங்கினால், ஐந்து நாள் சும்மா இருந்த கையோடு, மூன்று இல்லை, நான்கு தட்டு நிச்சயம். அடுத்த சோதனையிலும் இதே கதைதான். தன் சொந்தச் செலவில், தன் சொந்தக் காலால் நடந்து, இந்த மனிதரை அவர் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருந்தார்.

நாற்பதாவது நீளம். கடைசிப் பத்து மீட்டரில் களைப்பு தட்டியது போலும், சம்பந்தியின் வலது முழங்கை தண்ணீருக்குள் மெல்லச் சரிந்தது. ரொம்ப லேசாக. எந்தக் கேமராவிலும் சிக்கியிருக்காது. நீந்துகிறவருக்கே தெரியாது. டீச்சரம்மாவோ மறு கோடியில், வேறு திசை பார்த்து, நிமிர்ந்த தலையோடு போய்க்கொண்டிருந்தார். அந்த ஒரு சரிவு அப்படியே பழகிவிட்டால் மூன்று மாதத்தில் அது ஐந்து விநாடி, ஏன், பத்து விநாடிகூட ஆகலாம்.

கடைக்காரர் ஒரு கணம் நின்றார்.

"முழங்கை சம்பந்தி!" குளம் முழுக்க எதிரொலித்தது. "முழங்கையைத் தூக்குங்க!"